ஆள் மாறினாலும் சர்வர் நிற்க வேண்டும்



பாலிடெக்னிக் படிப்பு மூன்று வருடம். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு இரண்டே வருடம். இந்தக் காலத்தில் நாம் எவ்வளவோ செய்கிறோம். ஆனால் நாம் செய்தது எப்படிச் செய்யப்பட்டது என்பது நம்மோடு சேர்ந்து ரயிலேறிப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரை ஒரு தொழில்நுட்பப் பாடம் என்றாலும், இதை எழுதத் தூண்டியது ஓர் இரவில் நடந்த சம்பவம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் மாணவர் சங்கத்தில் இரத்த தானம் செய்ய விரும்பும் மாணவர்களின் பட்டியல் நெடுநாளாக ஒரு நீள நோட்டில் இருந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் ஆர்வத்தோடு அதைக் கணிப்பொறியில் ஏற்றி, கிளவுடில் ஒரு சர்வர் எடுத்து, செல்போனிலேயே பார்க்கும்படி செய்து கொடுத்தார். எல்லோரும் பாராட்டினோம். நோட்டு பழைய பேப்பரோடு போனது. அண்ணனும் படிப்பு முடிந்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போனார்.

அடுத்த வருடம் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். "ஓ நெகட்டிவ் அவசரமா வேணும், உங்க பசங்க யாராவது இருக்காங்களா?" என்று ஒரு போன். பட்டியலைத் திறந்தால் திறக்கவில்லை. சர்வர் படுத்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டால், நைட் ஷிப்ட்டில் இருக்கிறார், போன் லாக்கரில். விடுதியில் ரூம் ரூமாகக் கதவைத் தட்டி, ஒரு மெக்கானிக்கல் மாணவரை எழுப்பி அனுப்பும்போது மணி ஒன்றரை. இரத்தம் கிடைத்தது. ஆனால் இரண்டரை மணி நேரம் போயிற்று.

மறுநாள் அண்ணன் பேசினார். "டிஸ்க் நிறைஞ்சிருக்கும் தம்பி. உள்ள போய் பழைய லாக் ஃபைலை எடுத்துட்டா சரியாயிடும்." உள்ளே போகச் சாவி வேண்டுமே? "அது என் பழைய லேப்டாப்ல இருந்துச்சு. அதை வித்துட்டேன்பா." சரி, அதே மாதிரி இன்னொன்று கட்டலாம் என்றால், "எந்த எந்த பட்டனை அழுத்தினேன்னு இப்ப ஞாபகம் இல்லையே" என்றார். அவர் மேல் தப்பில்லை. கையால் கட்டிய சர்வரின் குணமே அது.

இந்த நிலை வராமல் இருக்க ஒரு முறை உண்டு. சர்வரைக் கையால் கட்டாமல், எழுதிக் கட்டுவது. ஆங்கிலத்தில் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அஸ் கோட்' என்பார்கள். தமிழில் 'கட்டமைப்பை நிரலாக எழுதுதல்' எனலாம். அந்த முறையில் ஒரு சிறிய சர்வர் அமைப்பது எப்படி என்பதை, எங்கள் கை சுட்ட இடங்களோடு சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளவுட் என்பது என்ன?

மேகம் என்று பெயர் இருந்தாலும், வானத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கட்டடத்தில், ஏ.சி. போட்ட ஹாலில், அடுக்கடுக்காக நிற்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு பங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே கிளவுட் சர்வர். அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் 'இசி2' என்ற பெயரில் இவ்வகை வாடகைச் சேவையைச் சோதனை முறையில் தொடங்கியது. இன்று அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என்று பலர் இதைத் தருகிறார்கள்.

இதை வாங்க இரண்டு வழி. ஒன்று, அவர்கள் தரும் இணையப் பக்கத்துக்குப் போய் மௌஸால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது. இதைக் கன்சோல் என்பார்கள். கற்றுக்கொள்ள இது நல்ல வழிதான். ஆனால் முப்பது நாற்பது கிளிக் முடிந்தபின், என்ன செய்தோம் என்பதற்குக் கையில் ஒரு வரி கூட மிஞ்சாது. மற்றொரு வழி, என்ன வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதி, ஒரு மென்பொருளிடம் கொடுப்பது.

சாவா மூவாப் பேராடு

இந்த இரண்டாவது வழியைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப்பக்கக் கோயில் கல்வெட்டுகளே போதும். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள்.

ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. கிழடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வர வேண்டும். கல்லில் எழுதியிருப்பது 'இன்று இந்த ஆட்டை மேய், நாளை அந்த ஆட்டைக் கற' என்ற வேலை வரிசை அல்ல. 'விளக்கு எரிய வேண்டும், ஆடு 96 இருக்க வேண்டும்' என்ற முடிவான நிலை. எழுதியவர் போனார், மேய்த்தவர் போனார், கல் நின்றது.

நிரலாக எழுதும் முறையும் இதேதான். 'ஒரு சர்வர் உண்டாக்கு' என்று கட்டளை இடுவதில்லை. 'ஒரு சர்வர் இருக்க வேண்டும்' என்று எழுதுகிறோம். மென்பொருள் போய்ப் பார்க்கும். இல்லையென்றால் உண்டாக்கும். இருந்தால் சும்மா இருக்கும். எழுதியதற்கு மாறாக இருந்தால் திருத்தும். அதே ஃபைலை நூறு முறை ஓட்டினாலும் நூறு சர்வர் வராது, ஒன்றுதான் இருக்கும். கன்சோலில் ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு சர்வர் வந்து இரண்டு பில் வரும். வித்தியாசம் புரிகிறதல்லவா?

இந்த வழி வந்த கதை

இது நேற்று முளைத்ததல்ல. இயற்பியல் படித்த மார்க் பர்கெஸ் என்பவர் 1993-ல் நார்வே நாட்டின் ஆஸ்லோவில் 'சிஎஃப்எஞ்சின்' என்ற மென்பொருளை எழுதினார். பல கம்ப்யூட்டர்களை விரும்பிய ஒரே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அதன் வேலை. பிறகு 'பப்பெட்' (2005), 'செஃப்' (2009), 'ஆன்சிபிள்' (2012) ஆகியவை வந்தன. கிளவுடில் சர்வரையே உண்டாக்குவதற்கு அமேசான் 2011-ல் 'கிளவுட்ஃபார்மேஷன்' கொண்டுவந்தது. பல நிறுவனங்களின் கிளவுடுக்கும் ஒரே முறையில் எழுதும்படி ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ல் 'டெர்ராஃபார்ம்' வெளியிட்டது.

2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் உரிம விதிகளை ஹாஷிகார்ப் மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய கட்டற்ற உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து 'ஓப்பன்டோஃபு' என்ற தனிக் கிளையைத் தொடங்கினார்கள். அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் நடக்கிறது. நாம் சொல்லப்போகும் பாடத்துக்கு இரண்டில் எதை எடுத்தாலும் எழுதும் முறை ஒன்றே. நாங்கள் ஓப்பன்டோஃபு எடுத்துக்கொண்டோம்.

எந்த ஊரில் சர்வர்?

முதல் கேள்வி இதுதான். அமேசானுக்கு மும்பையில் 2016 ஜூன் முதலும், ஹைதராபாத்தில் 2022 நவம்பர் முதலும் மையங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் 2015-ல் இந்தியாவில் மூன்று இடங்களில் தொடங்கியபோது சென்னையும் அதில் ஒன்று. ஒளி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போய்வர, மிகக் குறைந்தது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் சர்வர் வைத்தால் தூரம் பத்து மடங்குக்கும் மேல், நேரமும் அப்படியே. ஆகவே பக்கத்தில் இருப்பதே நல்லது. நாங்கள் மும்பையை எடுத்தோம். அதன் குறிப்பெயர் 'ஏபி-சவுத்-1'.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நம் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலை நகரவில்லை, மாநிலம் மட்டும் மாறியது. சர்வர் விஷயம் அப்படி அல்ல. ஃபைலில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்த ஊருக்கு நகராது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதோடு, சர்வரில் ஏற்றும் இயங்குதளப் பிரதிக்கு 'ஏஎம்ஐ' என்று ஓர் எண் உண்டு. அந்த எண் ஊருக்கு ஊர் வேறு. மும்பை எண்ணை ஹைதராபாத்தில் கொடுத்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று வரும்.

ஃபைலில் எழுத வேண்டியவை

கணக்குத் தொடங்கி, ஓப்பன்டோஃபுவை நம் கம்ப்யூட்டரில் நிறுவியபின், ஒரு காலி ஃபோல்டரில் 'மெயின் டாட் டிஎஃப்' என்ற ஃபைலைத் திறக்கவும். டைப் அடிக்கும்போது எல்லாச் சொற்களும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் 'ரிசோர்ஸ்' என்ற சொல், பொருளின் வகை, நாம் வைக்கும் பெயர், பிறகு அடைப்புக்குறிக்குள் விவரங்கள். இவ்வளவுதான் இலக்கணம்.

1. புரொவைடர்: எந்த நிறுவனம், எந்த ஊர் என்று சொல்லும் பகுதி. இதில் அமேசான், 'ஏபி-சவுத்-1'.

2. மனை: 'விபிசி' என்பது நமக்கென்று வேலி போட்ட நெட்வொர்க். அதற்கு 10.0.0.0/16 என்று எழுதினால் 65,536 முகவரிகள் கிடைக்கும். அதற்குள் ஒரு தெரு போல 'சப்நெட்'. அதற்கு 10.0.1.0/24 கொடுத்தால் 256 முகவரி. அதில் 5-ஐ அமேசான் தனக்கு வைத்துக்கொள்ளும். மீதி 251 நமக்கு. நமக்கு வேண்டியது ஒன்றுதான் என்றாலும் இடம் இருப்பது நல்லது.

3. வாசலும் வழியும்: 'இன்டர்நெட் கேட்வே' வாசல். 'ரூட் டேபிள்' வழிகாட்டிப் பலகை. 'வெளியே போகும் எல்லாம் இந்த வாசல் வழி' என்று அதில் எழுத வேண்டும். அந்தப் பலகையை நம் சப்நெட்டோடு இணைக்க 'அசோசியேஷன்' என்று தனியாக ஒரு ரிசோர்ஸ் உண்டு. இதைத்தான் முதல் தடவை எல்லோரும் மறப்பார்கள். பலகை எழுதி மூலையில் சாத்தி வைத்தது போலாகும். சர்வர் ஓடும், ஆனால் யாரும் போய்ச்சேர முடியாது.

4. காவல்: 'செக்யூரிட்டி குரூப்' என்பது ஃபயர்வால். பொதுமக்களுக்கு 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளைத் திறந்தால் போதும். நாம் உள்ளே போய் வேலை பார்க்கும் 22-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிடாமல், கல்லூரி இணைப்பின் முகவரிக்கு மட்டும் திறக்கவும். இன்னொன்று: கன்சோலில் கட்டும்போது வெளியே போகும் வழி தானாகவே திறந்திருக்கும். ஓப்பன்டோஃபுவில் நாம் எழுதினால்தான் உண்டு. 'ஈக்ரஸ்' என்ற அந்தப் பகுதியை நாங்கள் எழுதவில்லை. சர்வரால் எந்த மென்பொருளையும் இறக்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

5. சாவி: சாவி இரண்டு பகுதி. பொதுப் பகுதி ஃபைலில் போகும், அதை யார் பார்த்தாலும் பாதகம் இல்லை. இரகசியப் பகுதி நம்மிடமே இருக்கும். நம் முன்னாள் அண்ணனின் லேப்டாப்போடு போனது இந்த இரகசியப் பகுதிதான். இப்போது பொறுப்பில் உள்ள இரண்டு பேருக்குத் தனித்தனிச் சாவி.

6. சர்வர்: வகை 'டி3 மைக்ரோ'. 2 மெய்நிகர் பிராசசர், 1 ஜிபி மெமரி. நம் பட்டியலுக்கு இது தாராளம். எந்த ஏஎம்ஐ, எந்த சப்நெட், எந்தக் காவல், எந்தச் சாவி என்று மேலே வைத்த பெயர்களையே இங்கே குறிக்க வேண்டும். இதே இடத்தில் 'யூசர் டேட்டா' என்று ஒரு பகுதி உண்டு. சர்வர் முதல் முறை எழும்போது செய்ய வேண்டிய வேலைகளை அதில் எழுதலாம். நாங்கள் 'என்ஜின்எக்ஸ்' வெப் சர்வரை நிறுவுவதையும், லாக் ஃபைல்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்வதையும் எழுதினோம். அந்த இரவு நம்மைக் கவிழ்த்த டிஸ்க் பிரச்சினைக்கு மருந்து இந்த இரண்டாவது வேலைதான்.

7. அவுட்புட்: கடைசியில் சர்வரின் முகவரியைத் திரையில் காட்டச் சொல்லும் பகுதி.

இவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். சப்நெட், விபிசியின் பெயரைக் குறிப்பதால், முதலில் விபிசி வேண்டும் என்று மென்பொருளே கண்டுகொள்ளும். அஸ்திவாரத்துக்கு முன் சுவர் எழுப்பக்கூடாது என்று கொத்தனாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை அல்லவா? சிவில் நண்பர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நான்கு கட்டளைகள்

'டோஃபு இனிட்' - தேவையான துணை மென்பொருளை இறக்கித் தயாராகும்.
'டோஃபு பிளான்' - என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் போட்டுக் காட்டும். எதையும் தொடாது.
'டோஃபு அப்ளை' - பட்டியலைக் காட்டி, 'எஸ்' என்று டைப் அடித்தபின் செய்யும்.
'டோஃபு டெஸ்ட்ராய்' - கட்டியதை எல்லாம் கலைக்கும்.

எங்கள் ஃபைலுக்கு முதல் பிளானில் 'சேர்க்க வேண்டியவை 8' என்று வந்தது. விபிசி, சப்நெட், கேட்வே, ரூட் டேபிள், அசோசியேஷன், காவல், சாவி, சர்வர். எண்ணிப் பார்த்துச் சரி என்றபின் அப்ளை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் முகவரி திரையில் நின்றது. உடனே மறுபடி பிளான் ஓட்டினோம். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று பதில். ஆடு 96 சரியாக இருக்கிறது என்று பொருள்.

பிளானைப் படிக்கத் தெரிய வேண்டும்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு குறி இருக்கும். + என்றால் புதிதாக உண்டாகும். ~ என்றால் இருப்பதிலேயே திருத்தம். - என்றால் அழியும். -/+ என்றால் இருப்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியது வைக்கும்.

எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏஎம்ஐ எண் ஊருக்கு ஊர் மாறுகிறதே என்று, 'உபுண்டுவில் மிகப் புதியது எதுவோ அதைத் தேடி எடு' என்று எழுதியிருந்தோம். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தோம். சோதனைக்காகக் கற்பனைப் பெயர்கள் நாற்பதை ஏற்றி வைத்திருந்தோம். சில வாரம் கழித்து வேறு ஏதோ ஒரு சின்னத் திருத்தத்துக்காக அப்ளை கொடுத்தபோது, 'சேர்ப்பது 1, அழிப்பது 1' என்று வந்தது. நகரியிலிருந்து தினமும் ரயிலில் வரும் எங்கள் நண்பன், "ஒண்ணு போய் ஒண்ணு வருது, கணக்கு சரிதானேடா" என்றான். நானும் 'எஸ்' அடித்தேன்.

இடையில் புது உபுண்டு பிரதி வந்திருக்கிறது. ஏஎம்ஐ மாறினால் சர்வரையே மாற்ற வேண்டும். பழைய சர்வர் டிஸ்க்கோடு போனது, நாற்பது பெயரும் போனது. அவை நிஜப் பெயர்களாக இருந்திருந்தால்? அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அதன்பின் ஏஎம்ஐ எண்ணை ஒரு முறை பார்த்து நிலையாக எழுதிவிட்டோம். சர்வர் பகுதியில் 'பிரிவென்ட் டெஸ்ட்ராய்' என்ற வரியையும் சேர்த்தோம். இனி அழிக்கும் பிளான் வந்தால் மென்பொருளே மறுத்துவிடும். ஆனால் அந்தப் பகுதி முழுவதையும் ஃபைலிலிருந்து எடுத்துவிட்டால் அந்தக் காவலும் அதோடு போய்விடும் என்பதை மறக்கக்கூடாது.

நம் போன்றவர்கள் மட்டும்தான் தவறுவார்கள் என்பதில்லை. 2017 பிப்ரவரி 28-ல் அமேசானிலேயே ஓர் ஊழியர் அனுமதியோடு கொடுத்த கட்டளையில் ஒரு விவரம் தவறியதால், சில சர்வர்களை எடுக்கப்போய் அதிகமான சர்வர்கள் எடுபட்டன. 'எஸ்3' சேவை மணிக்கணக்கில் தடுமாறியது, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்களும் தடுமாறின. கட்டளையை ஓட்டுவதற்கு முன் அதன் விளைவைப் பட்டியலாகப் பார்ப்பதும், இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்ப்பதும் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும். இப்போது எங்கள் சங்கத்தில், பிளானை இருவர் படித்துச் சொன்னபின்தான் 'எஸ்'.

ஸ்டேட் ஃபைல்

எதை எதைக் கட்டினோம் என்பதை ஓப்பன்டோஃபு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். அதுவே ஸ்டேட் ஃபைல். இது தொலைந்தால் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது நம்முடையது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. மறுபடி அப்ளை கொடுத்தால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப் பார்க்கும். ஆகவே இதை ஒருவர் லேப்டாப்பில் வைக்கக்கூடாது. வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எஸ்3 போன்ற பொதுக் கிடங்கில், பூட்டு வசதியோடு வைக்க வேண்டும். இருவர் ஒரே சமயத்தில் அப்ளை கொடுத்தால் ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது அந்தப் பூட்டு.

இதில் பாஸ்வேர்ட் போன்ற இரகசியங்கள் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கக்கூடும். அதனால் மெயின் ஃபைலை 'கிட்' முறையில் பதிவேற்றும்போது ஸ்டேட் ஃபைலை அதில் சேர்க்கவே கூடாது. கணக்கின் ஆக்சஸ் கீயையும் ஃபைலுக்குள் எழுதக்கூடாது. பொது இடத்தில் ஒரு நிமிடம் கிடந்தாலும் அதற்கென்றே தேடித் திரியும் நிரல்கள் எடுத்துவிடும். பிறகு யாரோ ஓட்டிய சர்வருக்கு நம் பேரில் பில் வரும்.

சில சந்தேகங்கள்

முதலாம் ஆண்டுத் தம்பிகள், தங்கைகள் கேட்ட கேள்விகளையும் எங்கள் பதில்களையும் தருகிறேன்.

"அண்ணா, அவசரத்துக்குக் கன்சோல்ல போய் ஒரு போர்ட்டை மட்டும் திறந்துக்கலாமா?"
திறக்கலாம். ஆனால் அடுத்த அப்ளையில் ஃபைலில் உள்ளபடி அது மூடப்படும். எழுத்து ஒன்று, நிலவரம் ஒன்று என்று விலகிப்போவதை 'டிரிஃப்ட்' என்பார்கள். அவசரம் முடிந்த அன்றே ஃபைலிலும் எழுதிவிட வேண்டும், அல்லது திறந்ததை மூடிவிட வேண்டும்.

"செலவு எவ்வளவு ஆகும்ணா?"
புதுக் கணக்குக்குச் சலுகை உண்டு, அதன் விதிகள் அவ்வப்போது மாறும், படித்துப் பார்த்துச் சேரவும். எதிர்பாராத இடத்தில் செலவு ஒளிந்திருக்கும். உதாரணமாக 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் என்று அமேசான் கட்டணம் வைத்தது. 30 நாள் மாதத்துக்கு 3.60 டாலர். முதல் வேலையாக பில் எச்சரிக்கையை வைத்துவிடுங்கள். பயிற்சிக்குக் கட்டியதை அன்று மாலையே டெஸ்ட்ராய் செய்யுங்கள். எழுதிக் கட்டியதில் உள்ள சௌகரியமே இதுதான், கலைக்கப் பயம் இல்லை.

"நிரல் இருந்தா எல்லாம் திரும்ப வந்துடும் இல்லையாண்ணா?"
வராது தம்பி. வீடு திரும்ப வரும், வீட்டில் இருந்தவர்கள் வரமாட்டார்கள். நிரல் சர்வரைத்தான் கட்டும். பட்டியலில் இருந்த பெயர்கள் நிரலில் இல்லை. அதற்குத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31-ல் 'கிட்லேப்' நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான கம்ப்யூட்டரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பல வகையில் பிரதி எடுக்க ஏற்பாடு இருந்தது, தேவைப்பட்டபோது அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பினார்கள். நாங்கள் தினமும் பிரதி எடுக்கிறோம். மாதம் ஒரு முறை அதை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கிறோம்.

"நம்ம நம்பரை எல்லாரும் பார்ப்பாங்களா அண்ணா?"
இது ஒரு தங்கை கேட்டது, நியாயமான கேள்வி. சம்மதம் கொடுத்தவர்கள் பெயர் மட்டுமே ஏறும். தொலைபேசி எண் பொறுப்பாளர் இருவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்தைத் திறப்பவருக்கு எந்த வகையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும், பொறுப்பாளரை அழைக்கும் எண்ணும் மட்டுமே தெரியும்.

எங்கள் பரீட்சை

எல்லாம் எழுதி முடித்தபின் எங்களுக்கு நாங்களே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டோம். இந்த வேலையில் சேராத, சர்வரை ஒரு நாளும் பார்த்திராத ஓர் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் ஃபைலையும் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தோம். "நாங்க யாரும் பக்கத்துல இருக்க மாட்டோம், போன் பண்ணாலும் எடுக்க மாட்டோம்மா. புதுசா ஒரு சர்வர் கட்டி, நேத்து எடுத்த பிரதியை ஏத்திக் காட்டு" என்றோம்.

முதல் தடவை முடியவில்லை. பிரதியை மீட்கும் கட்டளையைக் குறிப்பில் எழுத மறந்திருந்தோம். எங்களுக்குத் தெரிந்ததால் எழுதத் தோன்றவில்லை! சேர்த்துக் கொடுத்தோம். இரண்டாம் தடவை நாற்பது நிமிடத்தில் பட்டியல் திரையில் வந்தது. அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி, "இவ்வளவுதானாண்ணா?" அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு வேண்டியதில்லை.

நண்பர்களே! டிசம்பர் 31-ல் நம் மலையில் படித் திருவிழா நடக்கும்போது, 365 படிகளையும் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிகளைக் கட்டியவர்களின் முகம் நமக்குத் தெரியாது. படி இருக்கிறது, ஏறுகிறோம். நாமும் இன்னும் சில மாதத்தில் ஹால் டிக்கெட்டும் கையுமாகப் பரீட்சை எழுதி, ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போய்விடுவோம். அதன்பிறகும் ஏதோ ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு இந்தச் சங்கத்துக்குப் போன் வரும். அப்போது எடுப்பவர் நம்மைத் தேடக்கூடாது. நாம் எழுதி வைத்ததைத் திறந்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

சர்வர் மட்டுமல்ல, லேத் மெஷினுக்கு நீங்கள் செய்த ஜிக் ஆனாலும், கலை விழாவுக்கு மேடை போட்ட கணக்கானாலும், செய்ததை எழுதி வையுங்கள். எழுதியதை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடிந்தால்தான் நம் வேலை முடிந்தது.

இரத்த தானப் பட்டியலில் பெயர் சேர்க்க விரும்புவோர் சங்க அறைக்கு வரவும். ஃபைலைப் படித்துப் பார்க்க விரும்புவோரும் வரலாம். அடுத்த வருடம் இதைக் கையில் வாங்கிக்கொள்ள இரண்டு பேர் தேவை.



- இறுதியாண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு